முன்னோர் விட்டுச்சென்ற படப்பெட்டியை என்ன செய்வது?

ஒரு தலைமுறை போனதும் பெட்டி ஒன்று கைக்கு வருகிறது. உள்ளே ஆல்பம் இரண்டு, உதிரிப் படங்கள் சில நூறு, சுருண்டுகிடக்கும் நெகடிவ்கள், அடியில் காகிதத்தில் பொதிந்த கண்ணாடித் தட்டுகள். குடும்பத்தார் வரிசையாக நிற்கும் படங்களுக்கு நடுவே பட்டறை, ஆலை, பணிமனை, அலுவலகம் என்று வேலைசெய்த இடங்களின் படங்களும் கலந்துகிடக்கும். திறந்தவுடன் கை பரபரக்கும். வகைபிரித்து அடுக்கலாம், துடைக்கலாம், நல்லதாகப் பார்த்து ஸ்கேன் செய்யலாம் என்று தோன்றும். மூன்றும் பிறகு.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான். சுமாரான இடத்தில் வைத்தால்கூடப் பல பத்தாண்டுகள் தாங்கும். அதில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று தெரிந்த கடைசி ஆள் அவ்வளவு காலம் இருக்கமாட்டார். ஆகவே வேலையின் வரிசை இப்படி அமையட்டும்: ஆபத்தானதைத் தனியே பிரிப்பது, பெயர்களைக் கேட்டு எழுதுவது, ஸ்கேன் செய்வது, கடைசியாக உறையும் பெட்டியும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலையுயர்ந்த பெட்டிகளை முதலில் வாங்கி, பெயரில்லாத முகங்களை அதில் அழகாக அடுக்கிவைக்கிறார்கள்.

கலைக்காமல் திறப்பது

பெட்டிக்குள் படங்கள் கிடக்கும் வரிசையே ஒரு தகவல். ஒரே உறைக்குள் இருந்த பத்துப் படங்கள் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே சுருளில் எடுத்தவை. அதில் ஒன்றுக்குத் தேதி தெரிந்தால் மற்ற ஒன்பதுக்கும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். எனவே எதையும் எடுக்குமுன் மேலிருந்து ஒரு படம் எடுங்கள், கைபேசியே போதும். ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் இன்னொன்று. பழைய உறை, ரசீது, துண்டுச்சீட்டு எதையும் வீசவேண்டாம். உறையின்மேல் ஸ்டுடியோ எழுதிய எண்ணும் தேதியும் படத்தின் பின்னால் இருக்காது.

மேசையைத் துடைத்துக் காயவிட்டு, வெள்ளைத் தாளோ துவைத்த பருத்தித் துணியோ விரியுங்கள். குடிக்கும் எதுவும் அந்த மேசையில் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிட்டாலே தாள் படங்களுக்குப் போதும்; கிரீம் தடவிய கை கூடாது. நெகடிவ், கண்ணாடி, உலோகத் தட்டு ஆகியவற்றுக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை பார்க்கத் தொழில்முறையாகத் தெரியும், ஆனால் அதன் நூல் உரிந்த ஓரங்களில் மாட்டும், கண்ணாடி கையிலிருந்து நழுவும். படத்தை எதிரெதிர் ஓரங்களில் இரண்டு கையால் பிடியுங்கள். அட்டை நொறுங்கும் நிலையில் இருந்தால் கீழே இன்னொரு அட்டையைச் செருகி அதோடு தூக்குங்கள். 1800களின் ஸ்டுடியோ அட்டைகள் தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே அமிலம் ஏறிப் பிஸ்கட்போல ஆகியிருக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூலை மட்டும் கையில் வரும்.

முதல் சோதனை மூக்குக்கு

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் ஃபிலிம் சிதைவது. ஃபிலிமின் அடித்தளம் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. அடித்தளம் சுருங்க, மேலே படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு சுருங்காமல் நின்று வாய்க்கால் வாய்க்காலாகப் புடைக்கும். வாடை வருகிற நெகடிவ்களை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, காற்றுப் புகும் காகித உறையில் போடுங்கள். மூடிய டப்பாவில் அடைத்தால் அமிலம் உள்ளேயே தங்கிவிடும். ஸ்கேன் வரிசையில் இவற்றுக்கே முதலிடம். எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி பட்டைகள் கிடைக்கின்றன. நீலப் பட்டை பச்சையாகி மஞ்சளை நோக்கி நகர்ந்தால் நேரம் குறைவு என்று பொருள்.

நைட்ரேட் ஃபிலிம் வேறு விஷயம், கவனமும் வேறு. 1889 முதல் 1950களின் தொடக்கம் வரை புழங்கியது. சிதையும்போது மஞ்சள் பழுப்பாகி, பிசுபிசுத்து, காரமான வாடை வீசி, கடைசியில் பழுப்புப் பொடியாகும். வேகமாகப் பற்றி எரியும். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். மிகவும் சிதைந்த சுருள்கள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் நீடித்தால் தாமாகவே தீப்பிடிக்கக்கூடும். விளிம்பில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்தால் அந்த ஃபிலிம் நைட்ரேட் அல்ல. ‘நைட்ரேட்’ என்றே அச்சாகியிருந்தால் கேள்வியே இல்லை. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். தனித்தனித் தாளாக நாலைந்து நைட்ரேட் நெகடிவ்கள் நல்ல நிலையில் இருந்தால் காகித உறையிலிட்டுக் குளிர்ந்த இடத்தில் தனியே வைக்கலாம். சினிமாச் சுருள் இருந்தாலோ, பிசுபிசுப்புத் தொடங்கியிருந்தாலோ ஆவணக் காப்பகத்தையோ தீயணைப்புத் துறையையோ கேளுங்கள். சாதாரண அஞ்சலில் அனுப்பவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது.

மக்கிய வாடை என்றால் பூஞ்சை. அந்தப் படங்களை ஒரு பையில் போட்டுத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். என்95 முகக்கவசம், கையுறை அவசியம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழான இடத்தில் பூஞ்சை காய்ந்து பொடியாகும்வரை விடுங்கள். காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் ஓரத்தை நோக்கித் தள்ளலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சையோடு படமும் வழித்துக்கொண்டு வரும். ஜெலட்டினைத்தான் அது தின்றிருக்கிறது, தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடும்.

பெயர்கள்

ஸ்கேனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் எல்லாப் படங்களையும் கைபேசியில் ஒரு தடவை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தற்காலிக எண் கொடுத்து, பெரிதாக அச்சிட்டோ டேப்லெட்டிலோ பெரியவர்களிடம் காட்டுங்கள். மூலப் படத்தைக் கையில் கொடுக்க வேண்டாம். விரலால் முகத்தைத் தொட்டுத்தான் எல்லோரும் பெயர் சொல்வார்கள்.

ஒரு உட்காரலில் இருபது படத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்குமேல் களைப்பில் எல்லாரும் பெரியப்பாவாகிவிடுவார்கள். பேச்சை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு படத்தின் எண்ணையும் நீங்களே உரக்கச் சொல்லுங்கள். பிறகு கேட்கும்போது ‘இவர்’ என்றால் எவர் என்று தெரியவேண்டுமல்லவா? “இது யார்?” என்பதைவிட “இவர் என்ன வேலை செய்தார்?”, “இந்த இயந்திரத்தின் பெயர் என்ன?”, “படம் எடுத்தவர் யார்?” போன்ற கேள்விகளுக்கு நினைவு நன்றாகத் திறக்கும். அதே படத்தை இன்னொருவரிடம் தனியே காட்டுங்கள். இருவர் பதில் வேறுபட்டால் இரண்டையும், சொன்னவர் பெயரோடு, எழுதிவையுங்கள். எது சரி என்ற தீர்ப்பு அவசரமில்லை.

குழுப் படமானால் வரிசை வரிசையாக எழுதவேண்டும்: “தரையில் அமர்ந்தோர், இடமிருந்து வலம்”, “நாற்காலியில்”, “நிற்போர் முதல் வரிசை”. தெரியாத ஆளுக்கும் இடம் விட்டு ‘தெரியவில்லை’ என்று குறிக்காவிட்டால் அதற்கடுத்த எல்லாப் பெயரும் ஒரு ஆள் தள்ளிப்போகும். வேலையிடப் படங்களில் ஒரு பழைய அநியாயம் உண்டு. நடுநாற்காலியில் இருக்கும் மேலாளர் பெயர் அட்டையில் அச்சாகியிருக்கும், சுற்றி நிற்கும் அறுபது பேருக்குப் பெயர் இருக்காது. உங்கள் முன்னோர் அந்த அறுபதில் ஒருவராக இருந்தால், அவர் யாரென்று எழுதிவைக்கக்கூடிய இடம் உங்கள் பட்டியல் மட்டுமே.

படமே சொல்லும் தகவல்களையும் பாருங்கள். சுவர் நாள்காட்டி, கதவுப் பலகை, இயந்திரத்தின் வார்ப்பில் உள்ள பெயர், சீருடைப் பட்டை, குழுவின் முன் சாய்த்துவைத்த சிலேட்டில் எழுதிய பிரிவும் ஆண்டும். மூலையில் வெள்ளையாகத் தெரியும் கையெழுத்து எண் நெகடிவ்மேல் மையால் எழுதியது. அது ஆண்டு என்று பலர் எண்ணிக்கொள்வார்கள், பெரும்பாலும் ஸ்டுடியோவின் வரிசை எண்தான். பழைய வேலையிடப் படங்களில் பெரும்பாலும் யாரும் உண்மையில் வேலை செய்துகொண்டிருப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஒளிபதிவு நேரம் நீண்டதால் கருவியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள். அசைந்தவர் மங்கலாகத் தெரிவார்.

பின்பக்கம் எழுதுவதற்கு மென்மையான 2பி பென்சில். படத்தைக் கெட்டியான பரப்பில் கவிழ்த்து, ஓரத்தில், அழுத்தாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். விரிவான விவரம் பட்டியலில் இருக்கட்டும். பந்துமுனைப் பேனா முன்பக்கம் மேடாகத் தெரியும், மை ஊறும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலத் தாளில் பென்சில் ஒட்டாது; அதற்கு உறைமேல் எழுதி, எழுதியபின் படத்தை உள்ளே போடுங்கள்.

கையில் இருப்பது எந்த வகை?

வகை தெரிந்தால் எதைச் செய்யக்கூடாது என்பது தெரியும். சிறு பேழைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடிபோலவே மின்னி, சாய்க்கும்போது நெகடிவ்வாகவும் சாதாரணப் படமாகவும் மாறி மாறித் தெரிந்தால் அது டாகுரோடைப், 1839இல் அறிவிக்கப்பட்ட முறை. வெள்ளி பூசிய செம்புத் தகடு அது. அதன் பரப்பைத் தூரிகைகூடத் தொடக்கூடாது. ஒரு வருடலில் படம் போய்விடும். பேழையைத் திறக்காதீர்கள். சாய்த்தாலும் மாறாமல் கண்ணாடிமேல் தெரிந்தால் ஆம்ப்ரோடைப். மெல்லிய இரும்புத் தகட்டில் இருப்பது டின்டைப், 1850களின் நடுவில் வந்தது. பின்பக்கம் சிறு காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இழுக்கும். தகட்டின்மேல் நேரடியாக எடுத்த இந்தப் படங்களில் பெரும்பாலும் இடவலம் மாறியிருக்கும். சுத்தியலை இடக்கையில் பிடித்த கொல்லர் படத்தைப் பார்த்து, கொள்ளுத்தாத்தா இடக்கைக்காரர் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிட வேண்டாம்.

மெல்லிய தாளில், செம்பழுப்பு நிறத்தில், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளித்து, தடித்த அட்டையில் ஒட்டியிருந்தால் அநேகமாக ஆல்புமின் (முட்டை வெண்கரு பூசிய தாள்) படம், 1850களிலிருந்து 1890கள் வரை. 6.4 × 10 செ.மீ. அளவு அட்டையானால் கார்ட் தெ விசீத், 10.8 × 16.5 ஆனால் கேபினெட் கார்டு. பின்னது 1866க்குப் பிறகு. கறுப்பு நிழல்களின் ஓரத்தில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்புத் தெரிந்தால் ஜெலட்டின் சில்வர் தாள். அந்தப் பளபளப்பு அழுக்கில்லை, வெள்ளியே ஆக்சிஜனேற்றம் அடைந்து மேலே வந்து படிந்தது. துடைத்தால் படத்தைத்தான் துடைப்பீர்கள். முழு நீலமாக இருந்தால் சயனோடைப். அதற்குக் காரத்தன்மை ஆகாது. 1960, 70களின் வண்ணப் படங்கள் இருட்டிலேயே வெளுத்து, மற்ற சாயங்கள் போய்ச் சிவந்துநிற்கும். வீட்டில் உள்ளவற்றில் வேகமாக அழிந்துகொண்டிருப்பவை பல சமயம் நூறாண்டுப் படங்களல்ல, இந்த வண்ணப் படங்களே.

தொடாமல் விடவேண்டியவை

சுத்தம் செய்வது என்றால் தூசி தட்டுவது மட்டும். ரப்பர் ஊதுபந்தால் ஊதி, மென்மையான அகலத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளலாம். படத்தின் மேல்பூச்சு உரிந்திருந்தால் அதுவும் வேண்டாம். தண்ணீர், ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம், உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, அழிப்பான் எல்லாம் இணையத்தில் பரிந்துரைப்பார்கள்; ஒன்றும் வேண்டாம். ஒளிபுகும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். புதிதாக நாடா ஒட்டிக் கிழிசலைச் சேர்க்காதீர்கள், கிழிந்த துண்டுகளை ஒரே உறையில் போடுங்கள். லேமினேஷன் செய்தால் திரும்பவே வழியில்லை.

சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படம் அடிக்கடி வரும். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போகும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்து, அப்படியே வையுங்கள். ஒட்டாத படமானால் சட்டத்திலிருந்து எடுத்துவிடுவது நல்லது. பின்னால் உள்ள மரப்பலகையும் தடித்த அட்டையும் அமிலம் கசியும், ஆணி துருப்பிடிக்கும்.

ஒட்டும் பரப்பும் பிளாஸ்டிக் மேல்தாளும் கொண்ட ஆல்பங்களே மோசமானவை. பசை முதலில் மஞ்சளாகி, பிறகு கல்லாகும். முதலில் பக்கத்தை முழுமையாகப் படமெடுங்கள். பிறகு மெழுகு பூசாத பல்லிடை நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு, மெதுவாக ரம்பம்போல இழுங்கள். படம் வளைய ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். பின்னால் கொஞ்சம் பக்கத்தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் பரவாயில்லை. கறுப்புத்தாள் ஆல்பம் வேறு கதை. வெள்ளைப் பென்சிலில் எழுதிய குறிப்போடு அது ஒருவர் யோசித்து அடுக்கியது, பிரிக்கவே கூடாது. முதுகுக்கட்டு இடம் கொடுத்தால் பக்கங்களுக்கு நடுவே மெல்லிய அமிலமற்ற டிஷ்யூ தாள் வைத்துப் படுக்கவைத்த நிலையில் வையுங்கள்.

ஆலைத் தொழிலாளர் எல்லோரையும் ஒரே சட்டத்தில் காட்டும் நீண்ட அகலப்படங்கள் பெரும்பாலும் குழல்போலச் சுருண்டே கிடைக்கும். பிரித்துப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். உலர்ந்த ஜெலட்டின் விரிசல் விட்டு, சுருளின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு விழும். நீராவி காட்டுவதும் வேண்டாம். இந்த ஒன்றுக்குப் புகைப்படப் பாதுகாப்பு வல்லுநரிடம் போவது செலவுக்குத் தகுந்தது. கட்டுப்பாடான ஈரக்காற்றில் மணிக்கணக்கில் இளக்கித்தான் அவர்கள் விரிப்பார்கள். சுழலும் கேமராவால் எடுத்த படமானால் நேரான சுவர் வளைந்து தெரிவது இயல்பு. அதைக் கணினியில் ‘சரிசெய்ய’ வேண்டாம்.

ஸ்கேன்

தட்டையான தாள் படங்களுக்குச் சாதாரணத் தட்டு ஸ்கேனர் போதும். தாள்களைத் தானே உள்ளிழுக்கும் வகை கூடாது. உருளையில் ஒரு மணல் துகள் இருந்தால் எல்லாப் படத்திலும் கோடு விழும்.

1. ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்து, அரைமணி நேரம் சூடேறவிடுங்கள். துடைக்கும் திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடிமேல் தெளிக்காதீர்கள்.
2. மென்பொருளில் தானியங்கிக் கூர்மை, தூசி நீக்கம், நிற மீட்பு எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே, 48 பிட்டில் எடுங்கள். பழுப்புச் சாயலும் கறையும் தகவல்தான். பிறகு ஒரு கறையை மட்டும் நீக்கவும் வண்ணம் உதவும்.
4. ஓரம் வெட்டாமல், அட்டை முழுவதும் தெரியும்படி, பக்கத்தில் ஒரு அளவுகோலும் சாம்பல் நிறப் பட்டையும் வைத்து எடுங்கள்.
5. தகவல் இழக்காத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். பகிர்வதற்கு அதிலிருந்து ஜேபெக் நகல்.
6. பின்பக்கத்தில் ஒரு எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுங்கள்.

தெளிவு எவ்வளவு? 10 × 15 செ.மீ. படத்துக்கு 600 டிபிஐ. அப்போது ஒரு கோப்பு சுமார் 50 எம்பி, ஆயிரம் படத்துக்கு 50 ஜிபி. இன்றைய வட்டுகளுக்கு அது ஒன்றுமில்லை. ஆறேழு செ.மீ. அளவுள்ள சிறு படங்களுக்கு 1200. குழுப் படத்துக்கும் 1200 கொடுங்கள். எண்பது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் 5 மி.மீ. இருக்கும், 300 டிபிஐயில் அது வெறும் 59 புள்ளி, 600இல் 118, 1200இல் 236. முகம் அடையாளம் காண்பது அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. 35 மி.மீ. நெகடிவ்வுக்கு 3000 முதல் 4000 வரை வேண்டும். தட்டு ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும் அது உண்மையில் பிரித்துக்காட்டுவது பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. எனவே முக்கியமான சிறு நெகடிவ்களுக்குத் தனி ஃபிலிம் ஸ்கேனரோ, மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவோ நல்லது.

நெகடிவ்வில் மங்கலான பக்கம்தான் படப்பூச்சு. எந்தப் பக்கம் கீழே என்று குழப்பினால் படம் இடவலம் மாறும். பலகை எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபிலிம் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையங்கள் விழும், தாங்கியில் மாட்டி எடுங்கள். அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி வண்ண நெகடிவ்வுக்கு அருமை. கறுப்பு வெள்ளையில் வெள்ளித் துகள் அந்தக் கதிரை மறித்துவிடும், படத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

தேன்கூடுபோல மேடுபள்ளமான தாளில் அச்சிட்ட படம் ஸ்கேனரில் பொறிப்பொறியாக வரும். ஒருமுறை நேராகவும் ஒருமுறை 180 டிகிரி திருப்பியும் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி மேல் அடுக்கின் அடர்த்தியை 50 சதவீதமாக்கினால் பெரும்பகுதி மறையும். கேமராவில் எடுப்பதானால் இரு விளக்குகளை 45 டிகிரியில் இருபுறமும் வைத்து, விளக்கிலும் லென்ஸிலும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போலரைசர் (பளபளப்பை அடக்கும் வடிகட்டி) போடுங்கள். வெள்ளிப் பளபளப்புக்கும் அதே மருந்து. பேழைப் படங்களை ஸ்கேனரில் கவிழ்க்கவே கூடாது. லென்ஸ் அளவுக்கு ஓட்டையிட்ட கறுப்பு அட்டையை நடுவில் வைத்து, பிரதிபலிப்பில்லாமல் கேமராவால் எடுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அவை எங்கிருந்தோ கொண்டுவந்து வைக்கின்றன. விளையாட்டுக்குச் செய்யலாம். ஆனால் அந்த நகல் குடும்பக் குழுவில் ஒருமுறை சுற்றிவிட்டால், அதுதான் தாத்தா என்று நிலைத்துவிடும். செய்தால் படத்தின் மேலேயே ‘மாற்றியது’ என்று எழுதுங்கள்.

கோப்பும் பட்டியலும்

கோப்புப் பெயரில் கதை எழுத வேண்டாம். பெட்டி எண், படத்தின் எண், பக்கம் மூன்றும் போதும்: 02-014-1 என்றால் இரண்டாம் பெட்டி, பதினான்காம் படம், முன்பக்கம், 02-014-2 பின்பக்கம். பென்சிலில் எழுதுவதும் அதே 02-014. பெயர், இடம், ஆண்டு, சொன்னவர், சொன்ன தேதி எல்லாம் ஒரு விரிதாளில். கூடவே கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐபிடிசி விவரப் பகுதியிலும் பெயர்களை எழுதுங்கள். விரிதாள் எங்கோ போனாலும் விவரம் படத்தோடு இருக்கும். செய்திச் செயலிகள் வழியே அனுப்பினால் படம் சுருங்கும், விவரமும் கழன்றுவிடும். முழுக் கோப்பைப் பகிர வேறு வழி பாருங்கள். ஆண்டு உறுதியில்லாவிட்டால் ‘1930–1938, சீருடையை வைத்து ஊகம்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். காரணமில்லாத ஊகம் பத்து ஆண்டில் உண்மையாகிவிடும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். வட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கோப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்களை (கோப்பிலிருந்து கணினி கணக்கிடும் கைரேகை போன்றவை) எடுத்துவைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டால் சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பு தெரியும். தானாக ஒத்திசையும் மேகக் கணக்கு ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும் ஏற்பாடு அது.

உறை, பெட்டி, இடம்

‘அமிலமற்றது’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு உறை படத்துக்கு ஏற்றதாகிவிடாது. உறை படத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 புகைப்பட வினைச் சோதனையில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் பாலியெஸ்டர், பாலிப்ராப்பிலீன், பாலியெத்திலீன் நல்லவை. பிவிசி கூடாது, புதிய பிளாஸ்டிக் பந்துபோல வாடை அடித்தால் அது பிவிசி. ஒளிபுகும் உறையில் போட்டால் எல்லோரும் படத்தைத் தொடாமல் பார்க்கலாம், ஆனால் ஈரக்காற்று மிகுந்த இடங்களில் படம் அதோடு ஒட்டும். அங்கே காகித உறையே மேல். நைட்ரேட், அசிடேட், கண்ணாடித் தட்டு ஆகியவற்றுக்கும் காகிதம்தான். நொறுங்கும் அட்டையில் ஒட்டிய படத்துக்கு, அமிலத்தை ஈடுகட்டக் கால்சியம் கார்பனேட் சேர்த்த காகிதம் நல்லது. சயனோடைப்புக்கும் வண்ணப் படத்துக்கும் சேர்க்காதது.

கண்ணாடித் தட்டுகளை நாலுமடிப்பு உறையில் பொதிந்து, நீளமான ஓரம் கீழே வரும்படி நிறுத்திவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்தால் அடித்தட்டு எடையில் உடையும். உடைந்த தட்டை மட்டும் அட்டைமேல் படுக்கவையுங்கள். பெட்டியின் வெளியே ‘கண்ணாடி, கனம்’ என்று எழுத மறக்கவேண்டாம். தூக்குபவர் எடை தெரியாமல் தூக்கித்தான் போடுவார். ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு, அது வெள்ளியைக் கருக்கும். கிளிப்பும் ஸ்டேப்ளரும் துருப்பிடிக்கும். நாளிதழ் நறுக்குகளைத் தனி உறைக்கு மாற்றுங்கள், தொட்டுக்கொண்டிருக்கும் படத்தில் அவற்றின் பழுப்பு இறங்கும். பாச்சை உருண்டை போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் ஜெலட்டினும் பசையும் இரை; பசை ஒட்டுப்பொறி, மூடிய பெட்டி, உலர்ந்த அறை இவைதான் காவல்.

வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் என்பது இலக்கு. எல்லா வீட்டிலும் முடியாது. முடிந்தது என்னவென்றால் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது: பரண் வேண்டாம், தரை வேண்டாம், குளியலறைச் சுவரோ வெளிச்சுவரோ வேண்டாம். உள்ளறை அலமாரியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரமாவது விட்டு வையுங்கள். ஒரு ஈரப்பதமானி உள்ளே இருக்கட்டும். 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். வண்ணப் படங்களையும் வினிகர் வாடை நெகடிவ்களையும் குளிர்பெட்டியில் வைத்தால் ஆயுள் பல மடங்கு நீளும். இரட்டை ஜிப் பையில், காற்றை வெளியேற்றி, ஈரப்பதம் காட்டும் அட்டையோடு போடுங்கள். வெளியே எடுத்தால் பையைத் திறக்காமல் ஒருநாள் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். முன்பே திறந்தால் படத்தின்மேல் வியர்க்கும். கண்ணாடித் தட்டையும் உலோகத் தட்டையும் உறைநிலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

சுவரில் மாட்ட நகல் மட்டும். வெளிச்சம் கெடுத்தது திரும்பாது.

நனைந்துவிட்டால்

48 மணி நேரம் இருக்கிறது. முதலில் ஆம்ப்ரோடைப், டின்டைப், கண்ணாடித் தட்டுகள்: இவற்றைத் தண்ணீரில் முக்காமல் முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள். சட்டத்துக்குள் நனைந்த படத்தை ஈரமாக இருக்கும்போதே, கண்ணாடியோடு காய்ந்து ஒட்டுமுன், வெளியே எடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய தாள் படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மூழ்கவைத்தால் தாமாகவே விலகும். இழுக்காதீர்கள், நீரை மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள். பிறகு மையொற்றுத் தாள்மேல் முகம் மேலே பார்க்க, வெயிலும் உலர்த்தியும் இல்லாமல் காயட்டும். சுருண்டால் கவலை வேண்டாம், பிறகு தட்டையாக்கலாம். எண்ணிக்கை கைக்கு மீறினால் படங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்து, பையில் போட்டு உறையவைத்துவிடுங்கள். வாரங்கள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவிடலாம்.

வெளியே கொடுக்கும்போது

படத்தாள் உங்களிடம் இருப்பதால் பதிப்புரிமை உங்களுடையது என்றாகாது. ஸ்டுடியோ படங்களில் இதைக் கவனியுங்கள். இணையத்தில் போடுமுன், உயிரோடிருப்போர் முகமும் பின்பக்க முகவரியும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். வேலையிடப் படங்களைக் குடும்பத்தைவிட ஆவணக் காப்பகங்களும் தொழில் அருங்காட்சியகங்களும் அதிகம் தேடும். கொடுப்பதானால் ஸ்கேன் முடித்து, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு, எதை வெளியிடலாம் என்பதைத் தெளிவாக்கிக் கொடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது படத்தையல்ல, பட்டியலைத்தான். அதனால் விரிதாளை நல்ல தாளில் அச்சிட்டு, ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளேயே, மேலாக வைத்து மூடுங்கள்.